பைபாஸ் வால்வு மாற்றிய பிற்பகல்

குரல் இடப்புறத்திலிருந்து வந்தது. கைகளோ வலப்புறத்தில் இருந்தன.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தவனுக்கு முன்னே, தூக்கி நிறுத்தப்பட்ட பானட் ஒரு கறுத்த சுவரைப்போல் கண்ணாடி முழுவதையும் மறைத்திருந்தது. அதன் அடிவிளிம்புக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே ஒடுங்கிய இடைவெளி ஒன்று தெரிந்தது. அந்த இடைவெளியின் வலக்கோடியில், எண்ணெய்க் கறை படிந்த இரண்டு முன்னங்கைகள் குழாய்களுக்கிடையே எதையோ துழாவிக்கொண்டிருந்தன. அவை மனைவியின் அண்ணனான மச்சானுடைய கைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் "மிதிங்க மாப்ளே" என்ற குரல், ஒருவரும் நில்லாத இடக்கோடியிலிருந்து எழுந்தது.

அவன் மிதித்தான். எஞ்சின் உறுமியது, அதன்மேல், அதற்குள் காற்றை நெட்டித் தள்ளும் டர்போவின் மெல்லிய சீழ்க்கை ஏறிற்று.

"ஐயோ மாப்ளே! கை உள்ள இருக்குய்யா! நான் சொல்லாம எதுக்கு மிதிக்கிறீங்க?"

அவன் காலை எடுத்தான். "நீங்கதானே மச்சான் மிதிங்கன்னீங்க?"

பானட்டின் ஓரத்திலிருந்து மச்சானின் முகம் எட்டிப் பார்த்தது. அதுவரை வாயில் கவ்வியிருந்த டார்ச்சைக் கையில் தூக்கிக் காட்டி, "நானா? இதக் கவ்விட்டு நின்னேன், எப்படிப் பேசுவேன்? வயித்தாலயா?" என்றது.

வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "என்ன அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல வாயாடி! ஊரு காதையெல்லாம் சோதிக்கிற உன் புருசனுக்குக் காது அவுட்டு!"

"அவருக்கா? நான் பிஸ்கட் டப்பாவத் தொட்டாலே அடுத்த தெருவுல இருந்து கேட்டுடுவாரு!"

மச்சான் சிரித்துக்கொண்டே மீண்டும் குனிந்தார். அவனும் சிரித்தான், எனினும் கண் அந்த இடக்கோடியை விட்டு அகலவில்லை. மருத்துவமனையில் செவித்திறனைச் சோதிப்பது அவன் தொழில். ஒலி புகாத சிறு அறைக்குள் மக்களை அமர்த்தி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துமாறு அவன் கூறுவான். எக்காதில் கேட்டது, எத்துணை மெலிதாகக் கேட்டது என்பதைப் பதிந்துகொள்வான். ஆகவே ஒரு குரல் எங்கிருந்து வருகிறது என்பதில் அவன் பிழை செய்பவன் அல்லன். இப்போதோ அவனே ஒரு பெட்டிக்குள் அமர்ந்து, கேட்கும்போதெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தான்.

வெளியே மழை விடாமல் பெய்தது. பிற்பகலே ஆயினும், ஷெட்டுக்குள் வெளிச்சம் அழுக்கு நீரின் நிறத்தில் இருந்தது. தாழ்வான சாலையில் வெள்ளம் புகுந்துவிட்டபடியால் ஆம்புலன்ஸ் ஊரைச் சுற்றித்தான் வரவேண்டும் என்று காலையிலேயே தொலைபேசியில் கூறிவிட்டனர். மருத்துவமனைக்கு எஞ்சியிருந்தது மேட்டுச் சாலை ஒன்றே. மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. குழந்தையோ தலை மேலாகவும் கால் கீழாகவும் கிடந்தது. "வலி வந்துச்சுன்னா உக்காந்து யோசிக்காதீங்க. அடுத்த நிமிஷம் இங்க இருக்கணும்" என்று மருத்துவர் அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தார். ஆனால் இந்தப் பழைய வண்டி அந்த மேட்டில் பாதிக்குமேல் இழுப்பதில்லை. போன முறை பரிசோதனைக்குச் சென்றபோது, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

பழுது எதுவென்று மச்சான் உடனே கண்டுபிடித்துவிட்டார். டர்போ நெட்டித் தள்ளும் காற்று, நாம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் போக்கிடம் இன்றித் திரும்பி மோதும். அவ்வாறு மோதாதபடி அதைச் சுற்றுவழியில் திருப்பிவிடுவதே பைபாஸ் வால்வின் வேலை. அதனுள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் காற்று எந்நேரமும் கசியும். வண்டி மேடு ஏறாது. லேத் பட்டறை வைத்திருந்த மச்சான், ரப்பருக்குப் பதிலாகப் பித்தளைப் பிஸ்டன் கொண்ட வலுவான வால்வு ஒன்றை வாங்கி, இவ்வண்டிக்குப் பொருந்தும் வளையத்தைத் தம் கையாலேயே கடைந்து எடுத்து வந்திருந்தார்.

"அணைச்சிட்டு இறங்கி வாங்க. பழச உருவப் போறேன்."

அவன் சென்று அருகில் நின்றான். காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்குச் செல்லும் பருத்த குழாயை மச்சான் முதலில் கழற்றி வைத்தார். குழாய் நீங்கியதும் டர்போவின் வாய் திறந்து தெரிந்தது. தேநீர்க் குவளையின் வாயளவே இருந்த அத்துவாரத்தின் ஆழத்தில், கூர்மையான இதழ்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று டார்ச் ஒளியில் மின்னிற்று. சூடேறிய எண்ணெயின் மணம் எழுந்தது. நனைந்த ரப்பரின் மணம் எழுந்தது. அவற்றினூடே, நெடுநேரம் உறங்கியவன் வாய் திறந்தால் வீசுமே, அந்த நெடியும் எழுந்தது.

"எலி எதாவது செத்துக் கெடக்கா மச்சான்?"

"செத்திருந்தா இவ்ளோ சூடா நாறாது" என்ற மச்சான், பழைய வால்வைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புச் சவ்வு குறுக்காகப் பிளந்திருந்தது. காலத்தால் வெடித்த ரப்பரின் விளிம்பு நேராக இருக்கும். இவ்விளிம்போ நெளிந்து நைந்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ பொறுமையாக மென்றிருந்ததைப்போல் இருந்தது.

"இதச் சோதிக்க மிஷினெல்லாம் வேணாம் மாப்ளே. நாக்கு போதும்" என்றார் மச்சான். வால்வின் முனையிலிருந்த சிறு குழலை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சி, நாக்கு நுனியால் துளையை அடைப்பது பட்டறைக்காரர்களின் வழக்கம். சவ்வு நன்றாயிருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், கிழிந்திருந்தால் ஒட்டாது.

"அதான் கிழிஞ்சிருக்கே? கண்ணால பாத்தாச்சே?"

"சும்மா ஒரு வேடிக்கைக்கு. பாருங்க, நிக்கவே நிக்காது."

அவர் உறிஞ்சினார், நாக்கை வைத்தார். வால்வு நின்றது.

கையை எடுத்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். வால்வு அவர் நாக்கு நுனியில் தொங்கிற்று. கிழிந்த சவ்வின் வழியே அப்புறத்து வெளிச்சம் தெரிந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் அது விழவில்லை. மச்சான் மூக்கால் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். அவருடைய கன்னங்கள் மெல்ல உட்குழியத் தொடங்கின. அவர் உறிஞ்சவில்லை, அவரை எதுவோ உறிஞ்சிற்று. நாக்கு நீண்டது. கண்கள் நீரால் நிறைந்தன. இரு கைகளாலும் வால்வைப் பற்றி இழுத்தார். அவனும் சேர்ந்து இழுத்தான். ஈரத்துணி கிழிவது போன்ற ஓசையுடன் அது பெயர்ந்து தரையில் விழுந்து உருண்டது.

மச்சானின் மோவாயிலிருந்து குருதி சட்டைமீது கொட்டியது. நாக்கின் முன்பகுதி இல்லை. அவன் தரையைப் பார்த்தான். வால்வின் குழலில் ஒரு துளிக் குருதியும் இல்லை. கழுவித் துடைத்து வைத்ததைப்போல் அது உலர்ந்து கிடந்தது.

சத்தம் கேட்டு மனைவி வயிற்றைத் தாங்கியபடி உள்வாசலுக்கு வந்தாள். மச்சான் சட்டென்று திரும்பி நின்று வாயைத் துணியால் பொத்திக்கொண்டார்.

"என்னாச்சுண்ணே?"

"நாக்கக் கடிச்சுக்கிட்டாரு" என்றான் அவன். அவள் நிற்கும் நிலையில் வேறெதையும் சொல்ல இயலவில்லை.

"கண்டதையும் வாயில வைக்காதன்னு அம்மா சொல்லிச் சொல்லி ஓஞ்சாச்சு. நாப்பது வயசுல பல்லு முளைக்குதோ?" என்றவள் பஞ்சுச் சுருளை எடுத்து வந்து நீட்டினாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்றுநேரம் மூச்சை அடக்கினாள்.

"வலியா?"

"பொய் வலிதான். வரும், போகும். நீங்க வண்டியப் பாருங்க."

அவள் உள்ளே சென்றதும், "விட்டுடுவோம் மச்சான். வேற வண்டி தேடுவோம்" என்று அவன் மெதுவாகச் சொன்னான். வாய் நிறையப் பஞ்சை அடைத்திருந்த மச்சான் தலையை அசைத்து மறுத்தார். வீட்டைக் காட்டினார், தம் வயிற்றின் முன்னே காற்றில் ஒரு பெரிய வளைவை வரைந்தார், பிறகு மழைக்கு அப்பால் மங்கலாய்த் தெரிந்த மேட்டைக் காட்டினார். இச்சுற்றுப்புறத்தில் வேறு வண்டி ஏது? புதிய வால்வை எடுத்து அதன் இடத்தில் பொருத்தி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். இறுக்க இறுக்க, பித்தளை கிறீச்சிட்டது.

இனிப் பேச இயலாதாகையால் தட்டல்களால் பேசிக்கொள்வது என்று சைகையால் முடிவாயிற்று. மட்கார்டில் ஒருமுறை தட்டினால் மிதிக்க வேண்டும். இருமுறை தட்டினால் விட வேண்டும். பெரிய குழாயை மாட்டும் முன்பு, டர்போ எண்ணெய் கக்காமல் சுழல்கிறதா என்று திறந்த வாயின் வழியே பார்த்துவிட மச்சான் விரும்பினார். அவன் மறுபடியும் இருக்கையில் அமர்ந்து எஞ்சினைக் கிளப்பினான்.

ஒரு தட்டு. மிதித்தான். சீழ்க்கை ஏறியது. இரண்டு தட்டு. விட்டான்.

காலை எடுத்தவுடன் புதிய வால்வு பெருமூச்சுப்போல் ஓசையிட்டுக் காற்றைத் திருப்பிவிட வேண்டும். அவன் செவிகளைக் கூர்மையாக்கிக் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. உள்ளே சென்ற காற்று உள்ளேயே நின்றது.

இடைவெளியில் மச்சானின் வலக்கை தெரிந்தது. இழுப்பு எவ்வளவு என்று அறிவதற்காக, உள்ளங்கையைத் திறந்த துவாரத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக அதன் அருகே கொண்டுசென்றார். விரலிடுக்கு மயிர்கள் யாவும் துவாரத்தை நோக்கிச் சாய்ந்தன.

அப்போது வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. "ஏங்க!" என்று மனைவி அலறினாள். "ஏங்க, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு!"

அவன் தலையைத் திருப்பினான்.

"மிதிங்க மாப்ளே!"

தெளிவான குரல். அவசரமான குரல். மச்சானின் குரல்.

அவன் மிதித்தான்.

மிதித்த பின்னரே நினைவு வந்தது. மச்சானுக்கு நாக்கு இல்லை.

சீழ்க்கை நின்றது. அதனிடத்தில் வேறோர் ஓசை. எலும்பு. விரல் எலும்புகள் இதழ்களில் பட்டுத் தெறிக்கும் ஓசை. பானட்டின் உட்புறத்திலும் இடைவெளி வழியே முன்கண்ணாடியிலும் குருதி விசிறியாய் அடித்தது. பஞ்சு அடைத்த வாய் கத்திற்று, சொல்லற்ற கத்தல். அவன் காலை எடுத்தான். எஞ்சின் தணியவில்லை. சாவியைத் திருப்பினான். அணையவில்லை. சாவியைப் பிடுங்கினான். உறுமல் ஏறிக்கொண்டே சென்றது.

இடைவெளியில் மணிக்கட்டு இறங்கியது.

முழங்கை.

குவளையின் வாயளவே அத்துவாரம். முழங்கை மடங்கியது; மடங்கக் கூடாத பக்கம். தோள் வந்தது. தோள் அதற்குள் புகாது. புகவே புகாது. பச்சைக் கிளை முறிவதைப்போல் ஒன்று. பிறகு வரிசையாகப் பல. மச்சானின் முகம் இடைவெளியில் பக்கவாட்டில் அழுந்தி, ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது. அந்தக் கண் எதையும் கேட்கவில்லை. அவனைத்தான் பார்த்தது.

பானட்டைத் தாங்கிய கம்பி சரிந்தது. பானட் விழுந்தது. முழுவதுமாக, ஓர் இழை இடைவெளியும் இன்றி, மூடிக்கொண்டது.

எஞ்சின் அமைதியாயிற்று. ஒரே சீராக, இனிமையாக ஓடிற்று.

அவன் கதவைத் தள்ளி இறங்கி, வண்டியின் முன்புறம் ஓடினான். ஒருவரும் இல்லை. ஷெட்டுக்குள் புகுந்த மழைநீர் சிவந்து வாய்க்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நீரில் ஒற்றைச் செருப்பு மெல்லச் சுழன்றது. பானட்டின் விளிம்பில் நகங்களைச் செருகி இழுத்தான், நகங்கள் பெயர்ந்தன, பானட் அசையவில்லை. உள்ளிருந்து வெதுவெதுப்பு கைகளில் ஏறிற்று.

வண்டியின் பின்கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது.

மனைவி ஏறிவிட்டிருந்தாள். உள்வாசலிலிருந்து சுவரைப் பிடித்தே நடந்து வந்து, பின்னிருக்கையில் சரிந்து, கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். "போலாங்க... போலாம்... சீக்கிரம்..."

"இறங்கும்மா" என்றான் அவன். "இதுல வேணாம். இறங்கு. ஆம்புலன்ஸ்..."

"என்னால எந்திரிக்க முடியாதுங்க. ஆ... அம்மா... அண்ணன் எங்க? ஏறிட்டானா?"

அவன் பானட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏறிட்டேன் வாயாடி" என்றது பானட்டுக்கு அடியிலிருந்த குரல். "பயப்படாத. நான் முன்னாலதான் இருக்கேன்."

வலிக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததை அவன் கண்டான். அவளுக்கு அது அண்ணன் குரல். கண்ணைத் திறக்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை.

"மாப்ளே, மிதிங்க."

"மாட்டேன்" என்றான். அவள் பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பற்றி இழுத்தான். கதவு திறக்கவில்லை. மீண்டும் இழுத்தான். கதவின் தகடு உள்ளங்கைக்குக் கீழே லேசாக விம்மித் தணிந்தது.

"அவன் சொல்றான்ல? ஏங்க நிக்கிறீங்க?" அவள் குரல் உடைந்தது. பாவாடையை விலக்கிக் கையை இறக்கியவள், எதையோ தொட்டுணர்ந்து அலறினாள். "ஏங்க... கால். கால் வெளிய வருதுங்க. பிள்ளையோட கால்..."

அவன் எட்டிப் பார்த்தான். நீலம் பாரித்த சிறு பாதம். ஐந்து விரல்கள். அவை ஒருமுறை விரிந்து மடங்கின.

வேறு வண்டி இல்லை. வேறு சாலை இல்லை. நேரம் இல்லை.

அவன் இருக்கையில் அமர்ந்தான். துடைப்பான்களை இயக்கினான். கண்ணாடியிலிருந்த சிவப்பு இளஞ்சிவப்பாயிற்று, பிறகு நீராயிற்று.

மிதித்தான்.

வண்டி மேடு ஏறியது. அது ஒருநாளும் அப்படி ஏறியதில்லை. தங்குதடையின்றி, மூச்சிரைக்காமல், மழையைப் பிளந்துகொண்டு, யாரோ மேலிருந்து கயிறு கட்டி இழுப்பதைப்போல் ஏறிற்று. வளைவில் அவன் காலை எடுத்தான், வேகம் குறையவில்லை. ஒரு பெருமூச்சும் வெளிவரவில்லை. பின்னால் அவள் அலறல் ஏறிக்கொண்டே வந்தது. டர்போவின் சீழ்க்கையும் கூடவே ஏறிற்று. அவள் மூச்சு வாங்கும்போது அது மூச்சு வாங்கிற்று. காலடியில் கம்பளத்தின் கீழே ஏதோ ஓர் இழுப்பு. முன்புறம் நோக்கி. தொடர்ந்து. பின்னிருக்கையின் துணி, அவள் கூந்தல், சட்டையின் நுனி, எல்லாம் முன்னே சாய்ந்தன.

மருத்துவமனை விளக்குகள் தெரிந்தன.

அவள் அலறல் நின்றது.

"ஏங்க" என்றாள். மிக மெதுவாக. "பிள்ளை அசைவு நின்னுடுச்சு."

அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. எஞ்சினும் தானே நின்றது. மழைச் சத்தம் மட்டும் கூரைமேல் இருந்தது.

அப்போது அழுகுரல் கேட்டது.

பிறந்த குழந்தையின் முதல் அழுகை. நாள்தோறும் பச்சிளங்குழந்தைகளின் செவிகளைச் சோதிப்பவன் அவன். அவ்வழுகையை வேறெதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டான். நுரையீரல் நிறைந்த, கோபமான, நலமான அழுகை.

அது முன்னாலிருந்து வந்தது.

அவன் தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் பின்னே பார்த்தான். மனைவியின் வயிறு முன்பிருந்தவாறே உயர்ந்திருந்தது. அவள் கால்களுக்கிடையே அந்தச் சிறு பாதம் அசையாமல் வெளுத்துத் தொங்கிற்று. அவளோ அதைப் பார்க்கவில்லை. அழுகுரல் கேட்டதும் அவள் மார்பில் பால் சுரந்து சட்டையின் முன்புறம் இரு வட்டங்களாய் நனைந்து விரிந்தது. கண்களைத் திறந்தாள். சிரித்தாள். இரு கைகளையும் அவன் தோளுக்கு மேலாக முன்னே நீட்டினாள்.

"குடுண்ணே" என்றாள். "எங்கிட்டக் குடு."

மழைக்கு நடுவே, பானட்டின் விளிம்பு தானாகவே மெல்லத் திறந்தது.